தண்ணீர் நிற்கும் இடத்தில் எந்த டியூப்? சிலிக்கான், பியூ (பாலியூரிதேன்), எப்பாக்ஸி: ஒரு ஒப்பீடு

கிருஷ்ணகிரியில் என் ஹார்டுவேர் கடை கவுண்ட்டரில் கண்ணாடிக்கு அடியில் இரண்டு துண்டு சிலிக்கானை வைத்திருக்கிறேன். இரண்டும் ஒரே வகை டியூப்பிலிருந்து வந்தவை. ஒன்று எட்டு வருடம் மீன் தொட்டிக்குள் இருந்தது. தொட்டியின் ஒரு பக்கக் கண்ணாடி உடைந்தபோது பிளேடு போட்டு அறுத்துத்தான் எடுக்க முடிந்தது. அறுத்த பிறகும் கண்ணாடியில் மெல்லிய படலம் ஒட்டிக்கொண்டே இருந்தது. இன்னொன்று என் வீட்டு சம்ப்பின் வாயைச் சுற்றி நானே போட்டது. ஐந்தாவது மாதம் ஒரு முனையைப் பிடித்து இழுத்தேன். வாழைநார் உரிவது போல முழு நீளமும் கையோடு வந்துவிட்டது. அதன் அடிப்பக்கம் முழுக்க வெள்ளை மாவு.

"அண்ணா, தண்ணி படுற இடத்துக்கு நல்ல சிலிக்கான் ஒண்ணு குடுங்க" என்று கேட்டு வருகிறவர்களுக்கு முதலில் இந்த இரண்டு துண்டுகளையும் எடுத்துக் கையில் கொடுப்பேன். இரண்டையும் இழுத்துப் பார்த்தால் ரப்பர் இன்னமும் ரப்பராகவே இருக்கிறது. சம்ப்பில் கெட்டுப்போனது ரப்பர் கிடையாது, அது சிமெண்ட்டைப் பிடித்திருந்த பிடி. மீன் தொட்டியில் அந்தப் பிடி கண்ணாடியோடு இருந்தது, அதனால் நின்றது. எந்த டியூப் வாங்குவது என்று குழம்புகிறவர்கள் இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

## முதலில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்

எதன் மேல் ஒட்டப் போகிறீர்கள். கண்ணாடி, கிரானைட், சிமெண்ட், எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு), ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு), பிவிசி, கருப்புத் தண்ணீர் டேங்க், இவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு குணம். சிமெண்ட் பூச்சுக்குள் இருக்கும் ஈரத்தின் காரத்தன்மை பிஎச் 12க்கு மேல். அந்தக் காரம் பசையின் அடிப்பக்கத்தை ஓயாமல் அரித்துக்கொண்டிருக்கும்.

தண்ணீர் தெளிக்கிறதா, நிற்கிறதா. நனைந்து காயும் இடத்தில் பிடி கொஞ்சம் தளர்ந்தாலும், காயும்போது ஓரளவு திரும்பி இறுகும். மூழ்கியே இருக்கும் இடத்தில் அந்த ஓய்வு கிடைக்காது. பல சிலிக்கான் டியூப்களின் தரவுத்தாளில் 'நிரந்தரமாக மூழ்கியிருக்கும் இடத்துக்கு அல்ல' என்று எழுதியிருக்கும். அதை யாரும் படிப்பதில்லை.

இணைப்பு அசையுமா. சுவரும் தரையும் சேரும் மூலை, சிங்க்கும் கல்லும் சேரும் ஓரம், மொட்டை மாடி விரிசல் எல்லாமே வெயிலுக்கும் குளிருக்கும் விரிந்து சுருங்கும்.

சூடு. பத்து டிகிரி கூடினால் தண்ணீர் செய்யும் வேலை சுமார் இரண்டு மடங்கு வேகமாகும் என்பது ரசாயனத்தில் ஒரு தோராயக் கணக்கு. சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் பழுக்கக் காயும் கல்லும் ஓசூர்ப் பக்கத்து பாத்ரூம் மூலையும் ஒன்றில்லை.

நாளைக்கு எடுத்துப் புதிதாகப் போட முடியுமா. கடையில் விலை கேட்கிறவர்களில் இதைச் சேர்த்துக் கேட்பவர்கள் குறைவு. டியூப் விலையைவிட, பழையதைச் சுரண்டும் கூலி பெரும்பாலும் அதிகம்.

ஆறாவதாக ஒன்று நம் ஊருக்கென்றே இருக்கிறது. தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் குடிப்பதற்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்துவிட்டது (2013இல் தொடங்கியது). ஆனால் பாத்ரூமுக்கும் சிங்க்குக்கும் பல வீடுகளில் இன்னும் போர் தண்ணீர்தான். அந்த உப்புத் தண்ணீர் காய்ந்த இடத்தில் எல்லாம் வெள்ளைப் படிவு. அந்தத் தண்ணீரில் இருக்கும் ஃப்ளோரைடை நினைத்து, "ஃப்ளோரைடு சிலிக்கானைத் தின்னுடுமா?" என்று ஒரு ஆசிரியர் கேட்டார். லிட்டருக்குச் சில மில்லிகிராம் ஃப்ளோரைடு உடம்புக்குக் கெடுதல். சிலிக்கானை அது ஒன்றும் செய்யாது. இணைப்பைக் கெடுப்பது அந்த வெள்ளைப் படிவை எடுக்க நாம் ஊற்றும் ஆசிட். அது சிலிக்கானை அவ்வளவாகத் தொடாது. பக்கத்தில் இருக்கும் சிமெண்ட்டையும் டைல்ஸ் கிரவுட்டையும் பொங்கப் பொங்கக் கரைக்கும். பிடித்துக்கொண்டிருந்த கரை கரைந்து போனபின் ரப்பர் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்?

## ஒரே பார்வையில்

| வகை | நன்றாகப் பிடிக்கும் இடம் | மூழ்கியே இருந்தால் | வெயில் | அசைவு | திரும்பப் போடுவது |
|---|---|---|---|---|---|
| அசிட்டிக் சிலிக்கான் | கண்ணாடி, கிளேஸ் டைல்ஸ் | கண்ணாடியில் நிற்கும், சிமெண்ட்டில் உரியும் | தாங்கும் | நல்லது | முழுக்கச் சுரண்ட வேண்டும் |
| நியூட்ரல் சிலிக்கான் | எஸ்எஸ், ஜிஐ, அலுமினியம், டைல்ஸ், கல் | சிமெண்ட்டில் பிரைமர் (முன்பூச்சு) போட்டாலும் சந்தேகம் | தாங்கும் | மிக நல்லது | முழுக்கச் சுரண்ட வேண்டும் |
| பியூ | கான்கிரீட், கல், இரும்பு | பிரைமரோடு நிற்கும், சூடான தண்ணீரில் இல்லை | மேல்தோல் மங்கி வெடிக்கும் | நல்லது | பழையதன் மேலேயே போட முடியும் |
| எம்எஸ் பாலிமர் | ஏறக்குறைய எல்லாம், லேசான ஈரத்திலும் | நீண்ட காலத்துக்கு வேண்டாம் | பரவாயில்லை | நல்லது | சுலபம் |
| எப்பாக்ஸி | கல், கான்கிரீட், இரும்பு | நிற்கும் | மஞ்சளாகி மாவாகும் | கிடையாது | உடைத்துத்தான் எடுக்கணும் |

## வினிகர் வாசம் அடிக்கும் சிலிக்கான்

டியூப்பை அழுத்தியதும் மூக்கில் ஏறும் அந்தப் புளிப்பு வாசம் அசிட்டிக் அமிலம். இந்த வகை காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துக்கொண்டு இறுகும்போது அமிலத்தை வெளியே விடும். கண்ணாடிக்கு அதனால் ஒன்றும் ஆகாது. சிமெண்ட்டும் மார்பிளும் அமிலத்தோடு வினை செய்து, தண்ணீரில் கரையும் கால்சியம் உப்பாக மாறும். என் சம்ப்பில் உரிந்த துண்டின் அடியில் இருந்த மாவுக்கு இதுதான் காரணம். ஒட்டிய அன்றைக்கே பிடிக்கு அடியில் கரையும் ஒரு படலம் உருவாகிவிட்டது, தண்ணீர் மீதி வேலையைப் பார்த்தது. ஜிஐ, செம்பு, பித்தளை மேல் போட்டாலும் அந்த அமிலம் அரிக்கும்.

இருப்பதிலேயே விலை குறைவு இதுதான். மீன் தொட்டி, ஜன்னல் கண்ணாடி, பாத்ரூம் கண்ணாடித் தடுப்பு இவற்றுக்கு இதையே வாங்குங்கள். கூடுதல் காசு கொடுத்து வேறு வாங்கத் தேவையில்லை. மீன் தொட்டிக்கு மட்டும் பூஞ்சை மருந்து கலக்காத டியூப்தானா என்று பார்த்து வாங்க வேண்டும். சானிட்டரி வகையில் இருக்கும் மருந்து மீனுக்கு ஆகாது. குடிநீர்த் தொட்டிக்கும் அதே கதைதான்.

## நியூட்ரல் சிலிக்கான்

பாத்ரூம், கிச்சன், சிங்க் ஓரம், அலுமினியம் ஜன்னல், ஏசி தாங்கி என்று வீட்டு வேலையில் பெரும்பாலானவற்றுக்கு நான் கொடுப்பது இதுதான். அமிலம் விடாது, எஸ்எஸ், ஜிஐ, அலுமினியத்தை அரிக்காது.

சிலிக்கான் ரப்பரின் சங்கிலியில் சிலிக்கான் அணுவும் ஆக்சிஜன் அணுவும் மாறி மாறிக் கோத்திருக்கும். மணலிலும் கண்ணாடியிலும் இருப்பது இதே பிணைப்பு. அதைச் சுற்றி எண்ணெய்க் குணமுள்ள மீதைல் கூட்டங்கள் நிற்பதால் தண்ணீர் உருண்டு ஓடுகிறது. மின்கம்பிகளைத் தாங்கும் சாம்பல் நிற சிலிக்கான் இன்சுலேட்டரில் இன்னொரு அதிசயம் உண்டு. மழையும் தூசியும் பட்டு மேல்தோல் தண்ணீரை விலக்கும் குணத்தை இழந்தாலும், உள்ளே இருக்கும் சிறு சிலிக்கான் மூலக்கூறுகள் மெல்ல மேலே கசிந்து வந்து அந்தக் குணத்தைத் திரும்பக் கொண்டுவரும். இதனால்தான் சாதாரண தண்ணீரால் சிலிக்கான் சீக்கிரம் கிழடாவதில்லை.

ஆனால் அந்தக் கசிவுக்கே ஒரு விலை இருக்கிறது. பாலீஷ் போடாத கிரானைட்டிலும் வெளிர் நிறக் கல்லிலும் சிலிக்கான் கோட்டின் இரண்டு பக்கமும் எண்ணெய் ஊறி, எப்போதும் நனைந்தது போல ஒரு கறை தெரியும். துடைத்தால் போகாது. பர்கூர், ஜெகதேவி பக்கம் பட்டறைகளில் கல் எடுத்து ஆசை ஆசையாக வீடு கட்டுகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டே ஆக வேண்டும். கல்லுக்கு என்றே 'கறை படியாதது' என்று அச்சிட்ட நியூட்ரல் வகை தனியாக வருகிறது. விலை கூடத்தான். ஆனால் கல்லின் விலையோடு சேர்த்துப் பார்த்தால் அந்த வித்தியாசம் ஒன்றுமே இல்லை.

இன்னொரு மறைமுகச் செலவு கருப்புப் பூஞ்சை. சிலிக்கானில் பூஞ்சைக்குச் சாப்பாடு எதுவும் கிடையாது. மேலே படியும் சோப்பு அழுக்கைத் தின்றுதான் அது வளர்கிறது. டியூப்பில் கலந்த பூஞ்சை மருந்து தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போய்விடும், அதன்பின் காவல் இல்லை. வாரம் ஒருமுறை சோப்புப் படலத்தைத் தேய்த்துக் கழுவி, குளித்தபின் ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும்.

மூன்றாவது செலவு பெரியது. இறுகிய சிலிக்கான் மேல் பெயிண்ட் ஒட்டாது, புதிய சிலிக்கானையும் நம்பிப் போட முடியாது. "பழசு மேலயே ஒரு கோட் அடிச்சுடலாம்" என்று சொல்லும் ஆளிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். முழுக்கச் சுரண்டி, துடைத்து, காயவிட்டுத்தான் போட வேண்டும்.

அளவு கணக்கு கேட்கிறவர்களுக்கு: 6 மி.மீ. அகலம், 6 மி.மீ. ஆழம் என்றால் 280 மி.லி. டியூப் ஒன்று சுமார் ஏழே முக்கால் மீட்டர் ஓடும். இறுகும் வேகம் ஒரு நாளைக்கு 2–3 மி.மீ. ஆழம்தான். நம் ஊர் ஏப்ரல், மே வறட்டுக் காற்றில் இன்னும் மெதுவாகும். மாலையில் போட்டுவிட்டு மறுநாள் காலையில் ஷவரைத் திறந்தால், மேல்தோல் காய்ந்து உள்ளே இன்னும் பசையாக இருக்கும். முதல் நாளே பிடி தளர்வது இப்படித்தான்.

## பியூ

பியூ என்று நாம் சொல்லும் பாலியூரிதேன் கான்கிரீட்டோடு சேர்ந்தால் நல்ல பிடி. மொட்டை மாடி விரிசல், போர்டிகோ இணைப்பு, காம்பவுண்ட் சுவரின் விரிவு இடைவெளி இவற்றுக்கு இதுதான் சரி. மேலே பெயிண்ட் அடிக்கலாம், பழையது நன்றாகப் பிடித்திருந்தால் சுத்தம் செய்து அதன் மேலேயே இன்னொரு முறை போடலாம். சிலிக்கானில் கிடைக்காத சௌகரியம் இது.

தண்ணீர் இதை வேறு விதமாகக் கிழடாக்கும். சிலிக்கானில் பிடி போகும், பியூவில் ரப்பரின் சங்கிலியே அறும். எஸ்டர் வகைப் பியூவைச் சூடும் ஈரமும் சேர்ந்து வெட்டிப் பிசுபிசுவென்று ஆக்கிவிடும். ஈதர் வகை தண்ணீரை நன்றாகத் தாங்கும். டியூப்பில் இந்தப் பிரிவு எழுதியிருக்காது. 'தண்ணீரில் மூழ்கும் இடத்துக்கு' என்று தரவுத்தாளில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஈரம் சொட்டும் கான்கிரீட்டில் போட்டால் தண்ணீரோடு வினை செய்து கார்பன் டை ஆக்சைடு விடும். உள்ளே பணியாரம் போலக் குமிழ் குமிழாகப் பொத்தலாகிவிடும். அதனால் ஐப்பசி மழைக்கு நடுவில் அவசரப்பட்டுப் போட வேண்டாம். கோடை முடிவதற்குள் போட்டுவிடுவது நல்லது.

சம்ப்புக்கு எதுவென்றால், என் வீட்டில் சிலிக்கானை உரித்த இடத்தில் பிரைமர் அடித்து, குடிநீருக்கு ஏற்றது என்று அச்சிட்ட பியூதான் போட்டேன். பைப் சுவருக்குள் நுழையும் இடம் தனிப் பிரச்சினை. பிவிசியும் கான்கிரீட்டும் ஒட்டாத ஜோடி. கான்கிரீட் போடும்போதே பைப்பைச் சுற்றி, தண்ணீர் பட்டால் ஊதும் ரப்பர் பட்டையைக் கட்டிவிட்டால் பின்னால் எந்த டியூப்பும் வேண்டியதில்லை.

## எம்எஸ் பாலிமர்

சிலிக்கானுக்கும் பியூவுக்கும் நடுவில் இருப்பது. வாசம் இல்லை, குமிழ் இல்லை, பெயிண்ட் பிடிக்கும், கல்லில் கறை விடுவது குறைவு. விலை கூடத்தான். பல பொருள்கள் சேரும் இடம், உதாரணமாகக் கிரானைட்டும் மரமும் எஸ்எஸ்ஸும் ஒரே மூலையில் சந்தித்தால் இதை வாங்கலாம். சூடான தண்ணீர் ஓடும் இடத்துக்கும் மூழ்கும் இடத்துக்கும் நான் கொடுப்பதில்லை.

## எப்பாக்ஸியும் கல் ஒட்டும் பாலியஸ்டர் பசையும்

காவேரிப்பட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு அக்கா வீட்டில் கிச்சன் சிங்க் ஒரு நாள் திடீரென்று கீழே இறங்கிவிட்டது. போய்ப் பார்த்தேன். கிரானைட்டுக்கு அடியில் சிங்க்கை வெறும் பாலியஸ்டர் பசையால் ஒட்டியிருந்தார்கள். போட்டு இரண்டு வருடம்கூட ஆகவில்லை. பசை கல்லில் பாதி, எஸ்எஸ்ஸில் பாதி என்று ஓடு ஓடாக வெடித்து நின்றது. "தினமும் சாதம் வடிச்ச கஞ்சியை அதுலதான் தம்பி ஊத்துவேன்" என்றார்.

காரணம் அந்தக் கஞ்சிதான். எஸ்எஸ் சூட்டுக்கு விரியும் அளவு கிரானைட்டைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. 60 செ.மீ. நீளமுள்ள சிங்க் 50 டிகிரி சூடேறினால் இரண்டுக்கும் நடுவில் கால் மில்லிமீட்டர் அளவுக்கு இழுபறி. ரப்பருக்கு அது ஒன்றுமே இல்லை. கல் போல இறுகும் பசைக்கு அது தினமும் ஒரு அடி. வெடிப்பு வழியே தண்ணீர் உள்ளே போக, பாலியஸ்டரின் எஸ்டர் பிணைப்பை அது அறுக்க ஆரம்பித்துவிட்டது. பாலியஸ்டர் பசை சீக்கிரம் இறுகும், அதனால்தான் வேலை செய்பவர்களுக்குப் பிடிக்கும். வரவேற்பறை கல்லுக்கு அது போதும். தண்ணீர் நிற்கும் இடத்துக்கு வேண்டாம்.

எப்பாக்ஸி அதைவிட எவ்வளவோ மேல். அதுவும் தண்ணீரைக் குடிக்கும். தன் எடையில் ஒன்றிரண்டு சதவீதம், வகையைப் பொறுத்து இன்னும் கூட. குடித்தபின் கொஞ்சம் இளகும், காய்ந்தால் பெரும்பாலும் பழைய நிலைக்கு வரும். அறை வெப்பத்திலேயே இறுகிய எப்பாக்ஸி 50–60 டிகிரிக்கு மேல் இளக ஆரம்பிக்கும், ஈரம் குடித்திருந்தால் அதற்கும் முன்பே. எப்பாக்ஸி ரெசினையும் அதை இறுக்கும் ஹார்டனரையும் கலக்கும் விகிதம் தப்பினால் எல்லாமே போச்சு. 'கொஞ்சம் கூட ஹார்டனர் ஊத்தினா சீக்கிரம் பிடிக்கும்' என்பது தவறு. மீந்த ஹார்டனர் எதோடும் சேராமல் உள்ளேயே நின்று தண்ணீரை இழுக்கும்.

சிங்க்குக்கு நான் சொல்லும் வழி: பாரத்தைக் கிளிப்போ ஆங்கிளோ தாங்கட்டும், கிளிப்பைக் கல்லோடு பிடிக்க எப்பாக்ஸி, தண்ணீர் கசியாமல் இருக்க ஓரத்தில் நியூட்ரல் சிலிக்கான். அந்த அக்கா வீட்டிலும் இதைத்தான் செய்தோம். இப்போதும் கஞ்சியை அதில்தான் ஊற்றுகிறார்.

## எந்த டியூப்பும் உதவாத இடம்

மாடியில் இருக்கும் கருப்புத் தண்ணீர் டேங்க் பாலிஎத்திலீன். சிலிக்கான், எப்பாக்ஸி, ஃபெவிக்விக், எதுவுமே அதில் நிற்காது. விரிசலுக்கு அதே பிளாஸ்டிக் குச்சியை உருக்கி வெல்டு வைக்க வேண்டும். கசிவு கனெக்டர் பக்கமென்றால் வாஷரை மாற்றுங்கள்.

சூடான தண்ணீருக்கும் ஒரு வார்த்தை. சோலார் ஹீட்டரில் கண்ணாடிக் குழாய் டேங்க்குக்குள் நுழையும் இடத்தில் சிலிக்கான் வளையம் இருக்கும். சூட்டை அது நன்றாகவே தாங்கும். ஆனால் போர் தண்ணீரின் உப்பு குழாய்க்கும் வளையத்துக்கும் நடுவில் கல்லாகிவிடும், குழாயைத் திருகிக் கழற்றும்போது வளையத்தைக் கிழித்துவிடும். கழற்றினால் வளையத்தையும் மாற்றுங்கள். அடைத்த நீராவியும் சூடான காஸ்டிக் சோடாவும் மட்டும் சிலிக்கானின் சங்கிலியையே அறுக்கும். அதனால் மாம்பழக்கூழ் ஆலைகளிலிருந்து கேஸ்கெட் கேட்டு வருகிறவர்களுக்கு நான் முதலில் இபிடிஎம் ரப்பரைத்தான் சொல்வேன்.

## வாங்கும் முன் ஒரு வாளிச் சோதனை

நீங்கள் ஒட்டப் போகும் அதே கல்லில், அதே டைல்ஸில், அதே பூச்சில் ஒரு உடைந்த துண்டை எடுங்கள். துடைத்து, அதன் மேல் ஒரு சாண் நீளம் கோடு இழுத்து, ஏழு நாள் காயவிடுங்கள். அப்புறம் உங்கள் வீட்டுத் தண்ணீரையே வாளியில் பிடித்து, அதில் ஏழு நாள் மூழ்க வையுங்கள். வெளியே எடுத்ததும், காய்வதற்கு முன், ஒரு முனையை பிளேடால் கீறி விரலால் பிடித்து நேர் செங்குத்தாக மேலே இழுங்கள். ரப்பர் நடுவில் கிழிந்து, ஒரு பகுதி கல்லிலேயே தங்கினால் அந்த டியூப் உங்கள் கல்லுக்கு ஆகும். சுத்தமாக உரிந்து வந்தால், அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். மாவு ஒட்டினால் மேற்பரப்பு கரைகிறது, வேறு வகைக்கு மாறுங்கள். மாவில்லாமல் வழவழவென்று இருந்தால் இன்னொரு துண்டில் பிரைமர் அடித்து அதே பதினான்கு நாளை மறுபடி கொடுங்கள்.